சிறுநீர்க் கசிவு: வீட்டிலும் வழியிலும்

சிறுநீர் கசியத் தொடங்கியதும் பெரும்பாலோர் முதலில் செய்வது தண்ணீரைக் குறைப்பது. பயணம் என்றால் கேட்கவே வேண்டாம். முந்தின நாள் சாயங்காலமே சொம்பை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுத் தாங்களாகவே எடுக்கும் முடிவு இது. இதனால் தொல்லை கூடத்தான் செய்யும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகும். அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையின் உட்சுவரை உறுத்தும். பாதி நிரம்புவதற்குள்ளேயே அவசரம் வந்துவிடும். மலம் இறுகும். இறுகிய மலம் தேங்கிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். வாடை அதிகமாகும், தொற்று வரும் வாய்ப்பும் அதிகமாகும்.

ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்கத்தான் வேண்டும். கோடையில் இன்னும் கொஞ்சம். (இதய நோய், சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.) மாற்ற வேண்டியது குடிக்கும் நேரத்தை. ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிப்பதற்குப் பதிலாக, ஒரு டம்ளர், அதாவது 150 மி.லி., மணிக்கொரு தரம். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் நிறுத்திவிடலாம். காபி, டீயில் உள்ள காஃபீன் அவசரத்தைத் தூண்டும். இரண்டு வாரம் குறைத்துப் பார்த்தால் அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும்; ஒவ்வொரு டம்ளராகக் குறையுங்கள்.

கசிவில் பல வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் டயாபர் வாங்குவதிலும் மாத்திரை போடுவதிலும்தான் பணமும் உடம்பும் வீணாகின்றன. வகையும் அளவும் தெரிந்துவிட்டால், எதை உடுத்துவது, எந்த சீட்டில் உட்கார்வது, பயணப் பையில் எத்தனை செட் வைப்பது எல்லாமே சாதாரணக் கணக்காகிவிடும்.

மூன்று நாள் குறிப்பு

500 மி.லி. வரை கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் மக், ஒரு நோட்டு. மூன்று நாளைக்கு ஒவ்வொரு முறையும் மக்கில் போய் அளந்து எழுத வேண்டும்: நேரம், எத்தனை மி.லி., அவசரம் இருந்ததா, கசிந்ததா, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதற்கு முன் என்ன குடித்தீர்கள். மூன்று நாளும் தொடர்ந்து வர வேண்டியதில்லை. இரவும் அளக்க வேண்டும். இரவை விட்டுவிட்டால் பாதி விவரம் போய்விடும்.

சாதாரணமாகப் பகலில் ஆறேழு தடவை, ஒவ்வொரு தடவையும் 250 முதல் 400 மி.லி. வரை போகும். இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குவது என வயிற்றில் அழுத்தம் ஏறும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால், அது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்ததால் வருவது. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் பெண்களிடமும், புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆண்களிடமும் பார்க்கலாம். வாசல் பூட்டில் சாவி போடும்போதோ, குழாய்ச் சத்தம் கேட்டதுமோ அவசரம் பொங்கி, பாத்ரூம் போவதற்குள் நிறையப் போய்விட்டால் அது பை தானாகச் சுருங்குவதால் வரும் அவசரக் கசிவு. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

மூன்றாவது வகையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். போகும்போதெல்லாம் 50, 100 மி.லி.தான், தாரை மெலிவு, முக்கிப் போக வேண்டியிருக்கிறது, போன பிறகும் முடிந்த திருப்தி இல்லை, உள்ளாடை எப்போதும் ஈரம் என்றால் பை காலியாகாமல் நிரம்பி வழிகிறது என்று பொருள். புராஸ்டேட் வீக்கம், பல வருடச் சர்க்கரை நோய் இரண்டும் இதற்கு முக்கியக் காரணங்கள். சிறுநீர் போன உடனே ஒரு ஸ்கேன் எடுத்து, உள்ளே எத்தனை மி.லி. மிச்சம் என்று பார்த்தால் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் அவசரக் கசிவுக்கான சோலிஃபெனாசின், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போட்டால் சிறுநீர் முழுவதுமாக அடைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்காது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். இதே மாத்திரைகள் வயதானவர்களுக்கு வாய் உலர்வு, மலச்சிக்கல், குழப்பம் ஆகியவற்றையும் கொடுக்கக்கூடும்.

நான்காவது, பையில் கோளாறே இல்லாமல் வருவது. முழங்கால் வலியால் எழுந்து போக இரண்டு நிமிடம் ஆகிறது, பாத்ரூம் கொல்லையில் இருக்கிறது, சுடிதார் நாடா முடிச்சு அவிழவில்லை. இதற்கு மருந்து இல்லை. கட்டிலருகே கமோடு நாற்காலி, ஆண்களுக்கு மூடியுள்ள யூரின் கேன், நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், இரவில் ஒரு சின்ன விளக்கு. பல வீடுகளில் இதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

24 மணி நேர அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போகிறது என்று நோட்டு காட்டினால், பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் இரத்தத்தில் கலந்து சிறுநீராக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுத்தால் அந்த நீர் சாயங்காலமே வெளியேறிவிடும்.

மாத்திரைச் சீட்டையும் ஒரு தடவை மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் கால் வீக்கம் தரலாம். எனலாபிரில், ராமிபிரில் சிலருக்கு ஓயாத வறட்டு இருமலைத் தரும். ஒவ்வொரு இருமலுக்கும் கசியும். பிரசோசின் சிறுநீர் வழியின் வாயைத் தளர்த்துவதால் பெண்களுக்குக் கசிவு கூடும். சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சிறுநீர் அளவைக் கூட்டுவதோடு, அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்றையும் கொண்டுவரலாம். ஃப்யூரோசமைடு போன்ற நீர் மாத்திரையைப் பயண நாளன்று எந்த நேரத்தில் போடலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்று மருந்து பெரும்பாலும் உண்டு.

தசைக்கும் நேரத்துக்கும் பயிற்சி

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் எழுதிய பயிற்சிதான் இன்றும் முதல் சிகிச்சை. ‘கீகல் செய்யுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எப்படி என்று சொல்வதில்லை. சபையில் காற்றுப் பிரியாமல் அடக்கும்போது ஆசனவாயைச் சுற்றி உள்ளே இழுக்கும் தசைதான் அது. அதை மட்டும் உள்ளுக்கும் மேலுக்கும் இழுக்க வேண்டும். வயிறு இறுகக் கூடாது, பிட்டம் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். ஐந்து எண்ணும்வரை பிடித்து, ஐந்து எண்ணும்வரை முழுதாக விடுங்கள். போகப் போகப் பத்து ஆக்கலாம். பத்துத் தடவை ஒரு சுற்று, நாளைக்கு மூன்று சுற்று. பலன் இருக்கிறதா என்று மூன்று மாதம் கழித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் விட்டுவிடுபவர்கள்தான் ‘எனக்குக் கேட்கவில்லை’ என்பவர்களில் அதிகம். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள்; பை முழுதாகக் காலியாகாமல் போகும் பழக்கம் வந்துவிடும்.

தசை ஓரளவு பிடிபட்டதும், தும்மல் வரும் என்று தெரிந்த அந்த நொடியிலேயே இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். தினசரி வாழ்க்கையில் உடனே பலன் தருவது இதுதான்.

அவசரக் கசிவுள்ளவர்கள் ‘எதற்கும் போய்விட்டு வருவோம்’ என்று மணிக்கொரு தரம் போய்வருவார்கள். பை சின்ன அளவுக்கே பழகிவிடும். குறிப்பு நோட்டில் இடைவெளி ஒரு மணி நேரம் என்றால், இந்த வாரம் ஒன்றேகால் மணி நேரம். அடுத்த வாரம் இன்னொரு கால் மணி. இரண்டரை, மூன்று மணி நேரம் வந்தால் போதும். இடையில் அவசரம் வந்தால் ஓடக் கூடாது, ஓடும்போதுதான் கசியும். நின்ற இடத்தில் நின்று, அல்லது உட்கார்ந்து, தசையை டக் டக்கென்று ஐந்தாறு தடவை இறுக்கிவிட்டால் அவசரம் தணியும். தணிந்த பிறகு நடந்து போகலாம். ஞாபக மறதி உள்ள பெரியவர்களுக்கு இந்தப் பயிற்சி ஒத்துவராது. ‘வாங்கப்பா, போய்ட்டு வந்துடலாம்’ என்று இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் அழைத்துப் போவதே வழி.

டயாபர்: வாங்குவதும் கட்டுவதும்

உள்ளே மரக்கூழும், ஈரம் பட்டதும் ஜெல்லாக மாறும் பாலிமர் தூளும் இருக்கும். ‘இத்தனை லிட்டர் உறிஞ்சும்’ என்பது ஆய்வகத்தில் முழுதாக முக்கி எடுத்த அளவு. உடல் எடை அழுத்தும்போது அதில் பாதியைக்கூட எதிர்பார்க்காதீர்கள். உங்கள் நோட்டில் ஒரு கசிவுக்கு 30, 40 மி.லி. என்றால் டயாபரே தேவையில்லை. உள்ளாடையில் ஒட்டும் பேட் போதும். ஆனால் மாதவிடாய் நாப்கின் இதற்கு உதவாது. இரத்தம் மெதுவாக இறங்கும். சிறுநீர் ஒரேயடியாக வரும். வந்த வேகத்தில் பக்கவாட்டில் ஓடிவிடும்.

நடமாடுபவர்களுக்கு பேன்ட் வகை வசதி. படுக்கையில் இருப்பவர்களுக்கும், வெளியிடத்தில் மாற்ற வேண்டியவர்களுக்கும் ஒட்டும் வகை. இடுப்பையும் பிட்டத்தையும் டேப்பால் அளந்து, எது பெரிதோ அதை வைத்து சைஸ் பாருங்கள். எம், எல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ‘பெரிதாக வாங்கினால் அதிகம் தாங்கும்’ என்பது தவறு. தொடையில் இடைவெளி இருந்தால் அந்த வழியாகத்தான் ஒழுகும்.

கட்டுவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பிரித்ததும் அப்படியே விரித்துப் போடக் கூடாது. நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரு முனையையும் பிடித்து லேசாக இழுத்தால் ஓரத்து எலாஸ்டிக் எழுந்து, நடுவில் படகு மாதிரி பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் முதல் வேகத்தைத் தாங்குவது. படுத்திருப்பவரைப் பக்கவாட்டில் திருப்பி, முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோங்கள். பின்பக்கம் முதுகுவரை ஏறியிருக்க வேண்டும். ஆண்களுக்குக் குறி கீழ்நோக்கி இருக்க வேண்டும்; மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருந்தால் இடுப்புப் பட்டை வழியாகச் சட்டை நனையும். கீழ் டேப் இரண்டையும் மேல்நோக்கிச் சாய்வாக ஒட்டி, மேல் டேப்பைக் கீழ்நோக்கிச் சாய்வாக ஒட்டினால் தொடையும் இடுப்பும் இரண்டுமே படியும். கடைசியாக, தொடை இடுக்கில் விரலை விட்டு ஓரத்துச் சுருக்கத்தை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே மடங்கியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் ஒழுகும்.

இரவுக்கு இரண்டு டயாபரை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுவது வீண். உள்ளே இருப்பதன் வெளிப்பக்கம் நீர் புகாத தாள். அது நிரம்பினால் அடுத்ததற்குப் போகாது, ஓரமாக வழியும். அடியில் பிளாஸ்டிக் இல்லாத கூடுதல் பேட் கிடைக்கிறது. அதை உள்ளே வைக்கலாம். அது கிடைக்காத ஊரில், நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்தி வேட்டித் துணியை நீளமாக மடித்து வைப்பது நம் வீடுகள் அறிந்த வழி. அது ஈரத்தைக் கீழே விடும்.

செலவு சின்ன விஷயமில்லை. ஒன்று 30, 40 ரூபாய் என்றாலும் நாளைக்கு மூன்று வைத்தால் மாதம் மூன்றாயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் இதற்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது கொஞ்சம் ஆறுதல். என்னைக் கேட்டால் பூச்சியமாக்கியிருக்க வேண்டும். சானிட்டரி நாப்கினுக்கு 2018இலேயே விலக்கு கொடுத்தார்கள். பகலில் நேரம் பார்த்துப் பாத்ரூமும் பேட்டும், இரவில் மட்டும் டயாபர் என்று பிரித்தால் செலவு பாதியாகும். தோலுக்கும் நல்லது.

தோல்

சிறுநீர் நேரமாக ஆக அம்மோனியாவாகி, தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் கெடுக்கும். மலமும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் சிவந்து உரியும். அதனால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். மலம் பட்டால் உடனே. டெட்டால் வேண்டாம், குளியல் சோப்பால் ஒவ்வொரு முறையும் தேய்க்கவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஒற்றி எடுத்து, ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். அதன்பிறகு ஜிங்க் ஆக்சைடு கலந்த க்ரீம், தோல் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக. தேங்காய் எண்ணெயும் வாசலினும் தடிமனாகப் பூசினால் டயாபரின் மேல்தாளில் படிந்து உறிஞ்ச விடாது. பவுடர் ஈரத்தில் கட்டியாகி மடிப்புகளில் உரசும். சிவப்பின் ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் தனியாகத் தெரிந்தால் அது பூஞ்சை. க்ரீமை மாற்றி மாற்றிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலக்கசிவு பற்றி ஒன்று மட்டும்: பல நாள் மலச்சிக்கலில் இருந்த பெரியவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால், பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுக்காதீர்கள். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர் மட்டும் வருவதாக இருக்கலாம்.

டியூப் வகைகள்

ஆண்களுக்கு, ஆணுறை போல மாட்டிக் குழாய் வழியாகச் சிறுநீரைப் பையில் சேர்க்கும் காண்டம் கதீட்டர் நல்ல வசதி, பயணத்தில் குறிப்பாக. சுற்றளவு பார்த்து சைஸ் வாங்க வேண்டும். முடியைக் கத்தரித்து, கழுவி, முழுதாக உலர்ந்த பிறகு மாட்டி, நுனியில் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடம் விடுங்கள். இடமே விடாவிட்டால் உரசிப் புண்ணாகும்; அதிகம் விட்டால் முறுக்கிக்கொண்டு அடைக்கும். சாதாரண பிளாஸ்டரை வட்டமாகச் சுற்றி இறுக்குவது மிகவும் ஆபத்து, இரத்த ஓட்டம் நின்றுவிடும். 24 மணி நேரத்துக்கொரு தரம் கழற்றித் தோலைப் பாருங்கள்.

சிறுநீர்ப்பை காலியாகாதவர்களுக்கு, தாங்களே கதீட்டரை, அதாவது மெல்லிய குழாயை, உள்ளே விட்டுச் சிறுநீரை எடுக்கும் முறையை 1972இல் ஜாக் லேப்பிடஸ் அறிமுகப்படுத்தினார். நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை, ஒரு தடவைக்கு 400, 500 மி.லி.க்கு மேல் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய கை, ஜெல்லி, 12 அல்லது 14 எண் கதீட்டர். ஆண்களுக்கு நீளமானது, பெண்களுக்குக் குட்டையானதே போதும். நர்ஸ் உடனிருந்து நாலைந்து தடவை செய்யவைத்தால் பெரும்பாலோர் கற்றுக்கொள்கிறார்கள். பையோடு இணைத்து உள்ளேயே விட்டுவைக்கும் ஃபோலி டியூபை நிரந்தரமாக வைத்துக்கொள்வதைவிட இதில் தொற்று குறைவு, வெளியே போய்வரும் சுதந்திரம் அதிகம்.

ஃபோலி வைத்திருப்பவர்களுக்கு: சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். பாதிக்குமேல் நிரம்பியதும் காலி செய்யுங்கள். டியூபைத் தொடையில் ஒட்டி வையுங்கள். இழுபட்டால் உள்ளே காயமாகும். லேட்டக்ஸ் டியூபைச் சில வாரங்களில் மாற்ற வேண்டும்; சிலிக்கான் அதிகபட்சம் 12 வாரம் வரை தாங்கும்.

வழியில்

எத்தனை டயாபர் வேண்டும் என்பதற்குக் கணக்கு இதுதான்: பயண நேரத்தை நான்கால் வகுத்து, வருவதோடு பாதியைக் கூட்டுங்கள். சென்னையிலிருந்து டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சுமார் 33 மணி நேரம் என்றால் எட்டு, கூடவே நான்கு, ஆகப் பன்னிரண்டு. வண்டி தாமதமானாலும் தட்டாது. எல்லாவற்றையும் ஒரே பையில் திணிக்காமல் செட் செட்டாகக் கட்டுங்கள்: ஒரு ஜிப் கவருக்குள் ஒரு டயாபர், ஈரத்துணித் தாள் ஐந்து, கறுப்புக் கவர் இரண்டு, செய்தித்தாள் ஒரு பக்கம். மாற்று உடை ஒன்றைத் தனிக் கவரில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பெட்டியின் அடியில் இருக்கும் உடை உதவாது.

கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, டீ வேண்டாம். தண்ணீர் மட்டும், வாய் வாயாக. குடித்ததில் பெரும்பகுதி ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் சிறுநீராக இறங்கும். பஸ் எங்கே நிற்கும் என்று தெரிந்தால் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடிக்கலாம். கிளாம்பாக்கத்தில் ஏறி மதுரை போகும் பஸ் வழியில் ஏதாவதொரு மோட்டலில் கால் மணி நேரம் நிறுத்தினால் அதிகம். எங்கே, எப்போது என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். ‘எனக்கு யூரின் பிரச்சினை இருக்கு, தேவைப்பட்டா நிறுத்தணும் தம்பி’ என்று முதலிலேயே சொன்னால் பெரும்பாலும் நிறுத்துவார்கள். நடுவழியில் பதறிக் கேட்கும்போதுதான் வாக்குவாதம் வரும். முன்பக்கம், நடைபாதை ஓரம் சீட். கூட்டத்தைத் தாண்டி வர வேண்டியிருக்காது.

கையில் வழி இருந்தால் ரயில்தான் என் சிபாரிசு. பெட்டியின் இரு முனையிலும் கழிவறை உண்டு. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பர்த் ஒதுக்கீடு உண்டு. பதிவு செய்யும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்வு செய்ய வேண்டும். ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி பெட்டிகளில் 1, 4, 7 எண்கள் ஒரு முனைக்குப் பக்கத்திலுள்ள கீழ் பர்த்துகள். எண்ணை நாமாகத் தேர்வு செய்ய முடியாது என்பதால், தூரமாகக் கிடைத்தால் வண்டி கிளம்பியதும் டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டுப் பாருங்கள். பர்த்தில் 60 x 90 செ.மீ. அண்டர்பேடு (ஈரம் உறிஞ்சும் விரிப்பு) ஒன்றை விரித்து, மேலே உங்கள் போர்வை. எழும்பூரில் இரவு ஏறி விடியலில் மதுரையில் இறங்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரியான பயணத்துக்கு, ஏறுவதற்குச் சற்று முன் புதிதாகக் கட்டிக்கொண்டால் ஒரு மாற்றலில் முடிந்துவிடும்.

ஓடும் ரயிலின் கழிவறையில் மாற்றுவது வேறு கலை. தரை ஈரம், ஆட்டம், பை வைக்க இடமில்லை. பேன்ட் வகை என்றால் செருப்பையும் கால்சட்டையையும் முழுதாகக் கழற்ற வேண்டும். அதனால் வீட்டில் பேன்ட் வகை போடுபவர்களும் பயணத்துக்கு ஒட்டும் வகையை எடுத்துப் போவது நல்லது. உள்ளே போகும்போது ஒரு செட் கவரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு எஸ் கொக்கியால் கம்பியில் மாட்டுங்கள். செய்தித்தாளைக் காலடியில் போடுங்கள். பழையதன் டேப்பைப் பிரித்து முன்னிருந்து பின்னாகச் சுருட்டி எடுத்து, டேப்பாலேயே கட்டி, முதல் கவரில் போடுங்கள். துடைத்து முடித்ததும், விரித்த புதிய டயாபரின் பின்பாதியை முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்து அழுத்தினால் அது நழுவாது. இரண்டு கையும் முன்பாதியைக் கொண்டுவந்து ஒட்டுவதற்குக் கிடைக்கும். வேட்டி, நைட்டி, பாவாடை என்றால் தூக்கிச் செருகுவது எளிது. கழிவறைக் குழிக்குள் டயாபரைப் போடவே கூடாது. பயோ டாய்லெட் தொட்டி அடைத்துக்கொண்டு அந்தப் பெட்டியில் உள்ள எல்லோருக்கும் கதவு மூடிவிடும். இரண்டாவது கவரிலும் சுற்றி, வாஷ்பேசினுக்கு அடியிலுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

வீட்டிலும் அப்படித்தான். திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயாபரைச் சுகாதாரக் கழிவு என்று தனியாகக் குறிப்பிட்டு, நன்றாகச் சுற்றிக் கொடுக்கச் சொல்கின்றன. தாளில் சுற்றிக் கட்டி, மேலே பேனாவால் ஒரு குறி போட்டுக் கொடுங்கள். அதைக் கையால் பிரிக்கப்போவது ஒரு தூய்மைப் பணியாளர்.

காரில் இரண்டு மணி நேரத்துக்கொரு நிறுத்தம். சீட்டில் ரப்பர் ஷீட், அதன்மேல் துண்டு. ஆண்களுக்கு மூடியுள்ள யூரின் கேன், பெண்களுக்கு நின்றபடி போக உதவும் மடக்குப் புனல். கழிவறை மோசமான பெட்ரோல் பங்க்குகளில் புனல் மிகவும் கைகொடுக்கும்.

விமானத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அரை மணி நேரம் போல எழுந்திருக்க விடமாட்டார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம் போலத்தான், ஆனால் தள்ளுவண்டி நடுப்பாதையை அடைத்து நிற்கும் நேரமும் அதில் உண்டு. போர்டிங் அழைப்புக்குச் சற்று முன் பாத்ரூம் போய்வந்து, உள்ளே தள்ளுவண்டி கிளம்புவதற்கு முன்பே இன்னொரு தடவை போய்விடுங்கள். நடைபாதை சீட். டயாபர், கதீட்டர், ஜெல்லி எல்லாம் கைப்பையில். லக்கேஜில் போட்ட பெட்டி வராமல் போகலாம். சிறுநீர் சேரும் பையைக் காலில் கட்டியிருந்தால் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே சிஐஎஸ்எஃப் வீரரிடம் மெதுவாகச் சொல்லி, மருத்துவரின் கடிதத்தைக் காட்டுங்கள். தனி அறையில் சோதிக்கும்படி கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை. பறக்கும் முன் பையைக் காலி செய்யுங்கள்.

கல்யாணம், கோயில் வரிசை, உறவினர் வீடு என்று ஒவ்வொன்றாகத் தவிர்த்துக்கொண்டே வந்து வீட்டோடு முடங்கிப்போனவர்கள் ஏராளம். வரிசையில் நிற்பதற்குச் சற்று முன் மாற்றிக்கொண்டால் நான்கு மணி நேரம் கவலையில்லை. தொழுகை விட்டுப்போகிறதே என்று வருந்தும் இஸ்லாமியப் பெரியவர்களுக்கு: நிற்காமல் கசியும் நிலையில், வேளைக்கு வேளை சுத்தம் செய்து புதிதாக ஒளு செய்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு, உங்கள் இமாமிடம் கேளுங்கள். உறவினர் வீட்டில் தங்கினால் இரண்டு அண்டர்பேடும் உங்கள் போர்வையும் எடுத்துப் போங்கள். யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

ஊரில் இருந்தாலும் வழியில் இருந்தாலும் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது: சிறுநீரில் இரத்தம், குளிரோடு காய்ச்சல், ஒரு சொட்டும் போகாமல் அடிவயிறு உப்பி வலிப்பது. முதுகுவலியோடு கால் பலவீனமாகி, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போய் திடீரென்று கசிந்தால் அது தண்டுவட நரம்பு நெருக்கடி; அன்றைக்கே மருத்துவமனை. ஃபோலி வைத்தவருக்கு நாலைந்து மணி நேரமாகப் பையில் எதுவும் இறங்காவிட்டால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, பை உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தும் வரவில்லை, வலி இருக்கிறது என்றால் டியூப் அடைத்திருக்கிறது. நீங்களாக இழுக்காதீர்கள், உள்ளே பலூன் உப்பி இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் அங்குள்ள அவசரப் பிரிவுக்குப் போய், கதீட்டர் எண், கடைசியாக மாற்றிய தேதி, பலூனில் எத்தனை மி.லி. தண்ணீர் என்ற மூன்றையும் சொல்லுங்கள். இந்த மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு வைத்திருங்கள்.